நடுக்கோடு

கணுக்காலில் ஒரு பிடி விழுந்தது.

அவள் உதறினாள். பிடி கழன்றது. பின்னால் ஒருத்தி புல்லில் விழும் சத்தம்.

முன்னால் யாரும் இல்லை. முப்பது மீட்டர் பச்சை, அதன் முடிவில் ஒரு வெள்ளைக் கோடு. முட்டை வடிவப் பந்து இடது கக்கத்தில் இருந்தது. அந்தக் கோட்டைத் தாண்டி அதைத் தரையில் வைத்தால் போதும்.

ரக்பி தேர்வு ஆட்டத்தின் கடைசி நிமிடம்.

ஆட்டம் முடிந்ததும் பன்னிரண்டு பெயர்களை வாசிப்பார்கள். அதில் அவள் பெயர் இருந்தால் இந்திய அணியின் முகாம். இல்லாவிட்டால் தேனிக்குப் பஸ் ஏற வேண்டும். ஊரில் பழைய கபடி அணி அவளுக்காகக் காத்திருந்தது. வயது இருபத்தேழு. இன்னொரு வாய்ப்பை யாரும் தரமாட்டார்கள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

"ஏய்! எங்கடி போற?"

பயிற்சியாளர் ஜெனோவா மேடத்தின் குரல்.

"அந்தப் பக்கம்டி! அந்தப் பக்கம்!"

அவளுக்குக் கேட்கவில்லை. அவள் வந்த வழியே திரும்பி ஓடிக்கொண்டிருந்தாள்.

கபடியில் எதிர்ப்பக்கம் போய் ஒருத்தியைத் தொட்டால், மூச்சு விடுவதற்குள் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். பதினொரு வருடம் அவள் கால்கள் செய்தது அதைத்தான். திரும்பி வந்தால் ஒரு புள்ளி. கூடவே, அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருப்பவர்களில் முதலில் போனவள் எழுந்து உள்ளே வரலாம்.

பெரும்பாலும் அது பவுனு அக்காதான்.

கார்னரில் நிற்பவள். அவசரப்பட்டுப் பாய்ந்து முதல் ஆளாக அவுட்டாகிவிடுவாள். வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்து, நகத்தைக் கடித்தபடி கத்துவாள்.

"அடியேய், என்னைய உள்ள கூப்புடுறி. உக்காந்து உக்காந்து காலு மரத்துப்போச்சு."

அவள் போவாள். தொடுவாள். திரும்புவாள். அக்கா பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்து, அவள் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுத் தன் இடத்தில் நிற்பாள்.

திருச்சி ஆட்டத்திலும் அப்படித்தான்.

அவள் தொட்டுவிட்டு வந்தாள். அக்கா உள்ளே வந்தாள். குட்டு வைத்தாள். அடுத்துப் பாடி வந்த எதிரணிப் பெண்ணின் காலைப் பிடித்தாள். அந்தப் பெண்ணின் முட்டி அக்காவின் நெற்றிப்பொட்டில் இடித்தது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை வெள்ளைத் துணியில் கொண்டுவந்தார்கள்.

அன்றைக்குத் தொடாமல் வந்திருக்கலாம்.

அதன்பிறகு அவள் கபடி ஆடவில்லை. ரக்பிக்கு வந்தபோது, நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தை ஏன் விட்டாய் என்று ஜெனோவா மேடம் கேட்டார்.

"இதுல திரும்பி வர வேணாம்ல மேடம்" என்றாள்.

இங்கேயும் பக்கத்துக்கு ஏழு பேர்தான். ஆனால் எல்லா ஓட்டமும் முன்னால். முதல் மாதங்களில் யாருடைய கை பட்டாலும் அவள் உடம்பு தானாகத் திரும்பிவிடும். "கபடியம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க, டாட்டா சொல்லுங்கடி" என்று பெண்கள் கையாட்டுவார்கள். அவளும் சிரிப்பாள். மேடம் அவள் இடுப்பில் கயிறு கட்டி முன்னால் இழுத்தார். மெல்ல மெல்ல உடம்பு கேட்டுக்கொண்டது. கை பட்டாலும் தோள் இடித்தாலும் முன்னால் ஓடக் கற்றது.

இந்த இரண்டு வருடத்தில் அவள் கணுக்காலை யாரும் இப்படிப் பிடிக்கவில்லை. இரண்டு கைகளும் சேர்ந்து, கட்டைவிரல்கள் மேலே பூட்டி.

அக்காவின் பிடி அது. தினமும் காலையில் அவள் காலைப் பிடித்துத்தான் அக்கா பழகினாள்.

நடுக்கோடு வந்தது.

அவள் பாய்ந்தாள். வயிறு தரையில் உரச, வலது கை நீண்டு சுண்ணாம்பைத் தொட்டது.

பந்து கக்கத்திலிருந்து நழுவி உருண்டது. எதிரணிப் பெண் ஒருத்தி அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் மைதானத்தின் மறுமுனையில் விசில் கேட்டது. பிறகு கைதட்டல்.

அவள் அணிப் பெண்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். யாரும் டாட்டா காட்டவில்லை.

தேர்வாளர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

அவள் எழுந்திருக்கவில்லை. விரல்கள் கோட்டின் மேலேயே இருந்தன. பிடித்து வைத்திருந்த மூச்சு இப்போதுதான் வெளியே வந்தது.

தலையைத் தூக்கினாள். மைதானத்தின் ஓரத்தைப் பார்த்தாள்.

தண்ணீர் பாட்டில்கள். ஒரு ஐஸ் பெட்டி. அதற்குப் பக்கத்தில், யாரும் உட்காராத கொஞ்சம் புல்.

அந்தப் புல்லைப் பார்த்து, வேண்டாம் என்று கையை அசைத்தாள்.

"வராதக்கா" என்றாள். "அங்கனயே உக்காரு."