சமர்த்துப் புள்ளி

கம்ப்யூட்டர் திரையில் பச்சைப் புள்ளி சமர்த்தாக ஊர்ந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை நகம் கடிப்பதை நிறுத்தி வெகு நேரமாகியிருந்தது.

முந்தைய இரண்டு லோடும் வழியிலேயே மாயமாகியிருந்தன. இந்த லோடு முழுக்க செல்போன். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் முதலாளி நாற்காலி மாப்பிள்ளைக்கு, இல்லையென்றால் தன் மகனுக்கு என்று மாமனார் சொல்லிவிட்டார்.

காவலுக்கு லாரியில் ஆளை ஏற்றி அனுப்பலாம் என்றான் அந்த மகன். எந்தக் காலத்தில் இருக்கிறாய் மச்சான் என்று சிரித்துவிட்டு, மாப்பிள்ளை ஒரு ஜிபிஎஸ் கருவி வாங்கினார். லாரியில் பொருத்தினால் பிடுங்கி எறிந்துவிடுவார்கள் என்று, யாருக்கும் தெரியாமல் ஒரு பெட்டிக்குள் வைத்துத் தன் கையாலேயே டேப் சுற்றினார். அந்தப் பெட்டி மட்டும் ரொம்பப் பத்திரம் என்று டிரைவரிடம் இரண்டு முறை சொல்லியும் அனுப்பினார்.

மாமனார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்குள் குனிந்தார்.

"என்ன மாப்பிள்ளை, ஊருக்கு ஊர் உள்ள போய் நின்னு நின்னு போறான்?"

"டீ குடிக்கத்தான் மாமா. நல்லா பாருங்க, நிக்கிறதெல்லாம் கூட்டமான இடம். அங்க எவன் கை வைப்பான்?"

டிரைவருக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கலாமே என்றார் மாமனார். சந்தேகப்படுகிறோம் என்று நினைத்துவிடுவான், வேண்டாம் என்று மாப்பிள்ளை தடுத்துவிட்டார். மூலையில் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மச்சானின் முகம், புள்ளி ஒவ்வொரு ஊராகத் தாண்டத் தாண்டத் தொங்கிக்கொண்டே வந்தது.

சாயங்காலம், லாரி வழக்கமாகப் போய்ச் சேரும் நேரத்துக்கு வெகு முன்பாகவே, புள்ளி சரக்கு இறங்க வேண்டிய ஊர்க் குடோன் வாசலில் நின்றது. மாப்பிள்ளை குடோன் மேனேஜரைப் போனில் பிடித்தார். மச்சானுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைத் தட்டினார்.

"வந்துடுச்சா?"

"இப்பதான் சார் இறக்கினோம். ஒரு கீறல் இல்ல."

மாமனார் நாற்காலியை விட்டு எழுந்தார். "உக்காருங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை உட்கார்ந்தார். சாய்ந்தார். ஒரு சுற்று சுற்றியும் பார்த்தார். மச்சான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

மேனேஜர் இன்னும் லைனில் இருந்தார்.

"மத்த பெட்டியெல்லாம் எந்த பஸ்ல வருது சார்?"