எட்டாவது மனு

“தரை எப்படி இருக்கு? ஈரம்னா இப்பவே சொல்லிடுங்க பாஸ்டர். நான் கிளம்ப மாட்டேன்.”

வயர்லெஸ்ஸில் பைலட்டின் குரல் கரகரத்தது.

பாஸ்டர் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். நான்கு நாள் விடாத மழை. ஓடுதளம் என்று பெயர்தானே தவிர, அது வெறும் புல்தரை.

“கெட்டியா இருக்கு தம்பி. தாராளமா இறங்கலாம்.”

சொல்லிவிட்டார். ஞாயிறு தவறாமல் உண்மையைப் பற்றிப் பேசுகிற வாய் அது.

உள்ளே கட்டிலில் அவருடைய எட்டு வயது மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். அம்மா நர்ஸ் என்பதால் தொட்டுப் பார்த்ததுமே சொல்லிவிட்டாள், குடல்வால் என்று. ஊழியத்துக்காக இந்தக் காட்டுக்கு வந்து ஆறு வருடம். ஒரு ஜெபக்கூடம், ஒரு மருந்தகம், இரண்டையும் புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்துகிறார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை உண்டு, காயத்துக்குத் தையல் உண்டு. ஆபரேஷன் செய்ய அங்கே ஆள் ஏது? ஆற்றுப் பாலமும் வெள்ளத்தோடு போய்விட்டது. விமானத்தை விட்டால் வேறு கதி இல்லை.

“அந்தப் பைலட்டும் ஒருத்தி பெத்த பிள்ளைதானேங்க?” என்றாள் மனைவி.

“நம்ம பிள்ளை சாயங்காலம் வரைக்கும் தாங்காதும்மா.”

அவள் மகளின் நெற்றியைத் துடைக்க உள்ளே போனாள்.

மூட்டு வலிக்கு மருந்து வாங்க வந்த, ஊரார் ‘மனுக்காரர்’ என்று கூப்பிடும் பெரியவர் வராந்தாவில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஓடுதளம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் அவர் மாடுகள் மேய்ந்த இடம். அதை மூடச் சொல்லியும், அதைப் பார்த்துக்கொள்ளும் பாஸ்டர் மேல் புகார் சொல்லியும் மேலிடத்துக்கு இதுவரை ஏழு மனு போட்டிருக்கிறார். மனுஷன் சளைக்கிற ஆள் இல்லை. பாஸ்டருக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்.

மருந்தைக்கூட வாங்காமல் விறுவிறுவென்று படியிறங்கிப் போனார்.

ஒரு மணி நேரம் கழித்து, மகளைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடுதளத்துக்கு வந்த பாஸ்டருக்குப் பகீரென்றது.

ஓடுதளம் முழுக்க மாடு!

மேலே சட்டைகூட இல்லாமல், முப்பது மாட்டையும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விரட்டிக்கொண்டிருந்தார் மனுக்காரர்.

“யோவ்! நீயெல்லாம் மனுஷனா? பழி தீர்த்துக்க இன்னிக்குத்தான் நாள் கிடைச்சுதா உனக்கு?”

“கத்தாதீங்க பாஸ்டர். மாடு மிரளும்.”

“என் பிள்ளைக்கு மட்டும் ஏதாவது ஆச்சு, உன்னைச் சும்மா விடமாட்டேன்!”

“அப்புறமா திட்டிக்கலாம். முதல்ல பாப்பாவை ஓரமா கொண்டுபோங்க.”

வானத்தில் இரைச்சல் கேட்டது. மனுக்காரர் ஒரு அதட்டல் போட்டார். மாடுகள் மொத்தமும் ஓடுதளத்தை விட்டு ஒதுங்கின.

விமானம் தலைக்கு மேல் ஒரு வட்டம் அடித்தது. பிறகு நடுவில் இறங்காமல், இடது ஓரத்தை ஒட்டியபடி இறங்கி, ஓடி, நின்றது.

பைலட் குதித்து இறங்கினான்.

“பிரமாதம் பாஸ்டர்! நடுவுலயும் வலது பக்கமும் பூரா கொடி நட்டு வச்சதுனால தப்பிச்சேன். வழக்கம்போல நடுவுல இறங்கியிருந்தா சக்கரம் புதைஞ்சு குப்புற விழுந்திருப்பேன்.”

கோபத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போனது அப்போதுதான் பாஸ்டருக்குத் தெரிந்தது. மாட்டின் கால் புதைந்த இடத்திலெல்லாம் ஒரு குச்சி நின்றது. ஒவ்வொரு குச்சியிலும் ஒரு வெள்ளைத் துணி. மனுக்காரரின் சட்டை, அது போதாமல் அவர் வீட்டுப் படுக்கை விரிப்பு. மாடு புதையாத இடது ஓரத்தில் மட்டும் ஒரு குச்சிகூட இல்லை.

சேறான இடத்தில் கொடி நட வேண்டும் என்பது விதி. அந்த விதியைப் பாஸ்டர் ஒருநாளும் மதித்ததில்லை என்பதுதான் ஐந்தாவது மனு.

பாஸ்டருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“தம்பி, நான் உன்கிட்ட ஒண்ணு...” என்று உண்மையைச் சொல்ல வாயெடுத்தார்.

“பாஸ்டர் சொல்லித்தான் கொடி நட்டேன்” என்று குறுக்கே விழுந்தார் மனுக்காரர். “பேசிக்கிட்டு நிக்காம பாப்பாவை ஏத்துங்கய்யா!”

பைலட்டைத் தவிர இரண்டு பேருக்குத்தான் இடம். தாயும் மகளும் பறந்தார்கள். பாஸ்டர் வயர்லெஸ் முன்னால் வந்து உட்கார்ந்தார். மனுக்காரரும் கூடவே வந்து, யாரும் சொல்லாமலே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பிற்பகல் மூன்று மணிக்கு மனைவியின் குரல் வந்தது.

“ஆபரேஷன் முடிஞ்சுதுங்க. பயமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இப்பவே பசிக்குதுன்னு ஒரே அடம்.”

பாஸ்டர் வாய்விட்டு அழுதார். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு மனுக்காரர் பக்கம் திரும்பினார்.

“பொய் சொன்னவன் நான். எனக்காக நீங்க ஏன் பொய் சொன்னீங்க?”

மனுக்காரர் காலில் காய்ந்த சேற்றைத் தட்டிவிட்டபடி எழுந்தார்.

“உங்க மேல ஏழு மனு போட்டிருக்கேன் பாஸ்டர். அதுல ஒண்ணுலகூட நீங்க பொய் சொல்றவர்னு நான் எழுதினதில்ல. எட்டாவதுல எழுத வச்சிடாதீங்க.”