முன் அனுபவம்

மூன்றாவது முறையாகக் கூப்பிட்டிருந்தார்கள். கிருபாகரன் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே எழிலரசி நோட்டைத் திறந்தாள்.

"ஆரணிக்கு வர்றதுக்கு முன்னாடி எங்க சார் வேலை பார்த்தீங்க?"

"பெரணமல்லூர்லங்க. மூணு வருஷம்."

"என்னா வேலை?"

"தறி வேலைக்குப் போறவங்களோட குழந்தைங்களைப் பார்த்துக்கிற காப்பகம். அறுபது குழந்தைங்க."

"ஏன் வுட்டுட்டு வந்தீங்க?"

"திட்டம் முடிஞ்சிடுச்சுங்க."

"அந்தப் பசங்க இப்ப எங்க இருக்காங்க?"

அவர் ஃபைலைப் புரட்டினார். படங்கள்தான் இருந்தன.

"தெரியலைங்க."

அவள் அதையும் எழுதிக்கொண்டாள். "இங்க எத்தினி வருஷம் இருப்பீங்க?"

"மூணு வருஷம்." அவர் குரலில் அலுப்பு வந்துவிட்டது. "எல்லா ஊர்லயும் நாங்கதாங்க கேள்வி கேட்போம். இலவசமா காப்பகம் நடத்தித் தர வர்ற அறக்கட்டளைய உங்க மகளிர் சங்கம் மாதிரி யாரும் உட்கார வெச்சுக் கேட்டதில்ல."

"தெரியும் சார். பெரணமல்லூர்ல உங்க கேள்விக்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். புள்ளைய உங்ககிட்ட வுட்டுட்டு தறிக்குப் போய்கினு இருந்தேன். நீங்க மூடிட்டுப் போனீங்க, வேலையும் போச்சு. அப்புறம்தான் இந்த ஊருக்கு வந்தோம்."

கிருபாகரன் அவள் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். பிறகு ஃபைலை மூடினார்.

அட்டைப் படத்தில், இடுப்பில் குழந்தையோடு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.