சொந்தக் கைவேலை

முதல் மேஜையில் இருந்த திமிங்கிலத்தின் வயிற்றில் விலைச்சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அறிவியல் டீச்சர் அதை நகத்தால் சுரண்டி எடுத்தார். எதிரே நின்ற ஒன்பதாம் வகுப்புப் பையனின் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தார்.

"உன் கண்டுபிடிப்பு. பத்திரமா வச்சுக்கோ."

பையனுக்குப் பின்னால் நின்ற அப்பா அசடு வழிந்தார்.

கடலைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள், நீங்களே செய்துபார்த்துப் பதிலைக் கண்டுபிடியுங்கள் என்று ஒரு பருவம் முழுக்கத் தொண்டை வறளக் கத்தியிருந்தார் டீச்சர். புத்தகத்தை மூடிவிட்டுச் செயல்திட்டங்கள் வழியாகவே கடலைக் கற்பிக்கத் தலைமையாசிரியரோடு மல்லுக்கட்டி வாங்கிய அனுமதி. இது இரண்டாவது வருஷம்.

அதன் லட்சணம் ஆய்வுக்கூடம் முழுக்கப் பரப்பிக் கிடந்தது.

அடுத்த மேஜையில் மோட்டார் வைத்த அலைத்தொட்டி. கரைக்கு வந்ததும் அலை ஏன் உடைகிறது என்று டீச்சர் கேட்டார். அங்கே நின்ற பையன் தன் அப்பாவைப் பார்த்தான். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா மோட்டாரை நிறுத்தினாள்.

அதற்கடுத்து ஒரு பவளப்பாறை. அதை ஒட்டிய பசை ஒரு அம்மாவின் விரல் நகங்களில் இன்னும் காயவில்லை. மகளின் நகங்களோ அப்போதுதான் கழுவித் துடைத்தவை மாதிரி இருந்தன.

பெற்றவர்கள் மேல் டீச்சருக்குப் போன வருஷம்வரை கோபம் இருந்தது. இப்போது அதுகூட இல்லை, வெறும் இளக்காரம். விட்டால் பிள்ளைகளுக்குப் பதிலாக இவர்களே கொட்டாவி விடுவார்கள். அந்தப் பிள்ளைகளும் லேசுப்பட்டவை அல்ல. பென்சில் சீவத் துப்பில்லாததுகள் கடலை அளக்க வந்துவிட்டன.

கடைசி மேஜைக்குப் பின்னால், 'சோடாபுட்டி' என்று வகுப்பே கூப்பிடும் பெண் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

அவள் முன்னால் ஒரு பழைய பிளாஸ்டிக் பெட்டி, தண்ணீரோடு. மூலைகளில் டேப் சுருங்கிச் சுருங்கி ஒட்டியிருந்தது. 'ஆழ்கடல் நீரோட்டம்' என்ற எழுத்துகள் சரிந்துகொண்டே போய், கடைசி 'ம்' இடம் போதாமல் கீழே தொங்கியது. பெட்டியின் அடியில் செருகிய துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

டீச்சருக்கு நெஞ்சு குளிர்ந்தது.

நீலச்சாயம் கலந்து உறையவைத்த ஐஸ்கட்டிகளைப் பெண் ஒரு மூலையில் இறக்கினாள். எதிர்மூலையில் சிவப்பு வெந்நீரை மெல்ல ஊற்றினாள். நீலம் சட்டென்று கீழே இறங்கி, அடித்தரையோடு பாம்பு மாதிரி ஊர்ந்து போனது. சிவப்பு மேலேயே மிதந்தது.

"குளிர்ந்த தண்ணி கனம், டீச்சர். துருவத்துக்கிட்ட இப்படித்தான் முங்கி, கடல் அடியிலயே ரொம்ப தூரம் போகுது."

டீச்சர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"எல்லாரும் இங்க பாருங்க! கோணலும் மாணலுமா இருக்கு, ஒழுகுது. ஆனா இது ஒண்ணுதான் பிள்ளை தன் கையால செஞ்சது. வெளியூர்ப் போட்டிக்கு நம்ம பள்ளியிலிருந்து இதுதான் போகுது."

பெற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். டீச்சருக்கு அது இனித்தது. திமிங்கிலத்தின் அப்பா கைதட்டவேண்டி வந்ததைத் தனியாக ஒருமுறை ரசித்தார்.

கூட்டம் கலைந்தது. பெண் பெட்டித் தண்ணீரைக் கைகழுவும் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் அவள் தோளில் கைவைத்தார்.

"போட்டிக்கு முன்னாடி இந்த ஓட்டையை மட்டும் அடைச்சுடும்மா. உன்னால முடியுமா?"

"ஒழுகாத பெட்டி வீட்ல இருக்கு, டீச்சர். கண்ணாடியில செஞ்சது. அதையே கொண்டு போகலாமா?"

டீச்சரின் கை தோளிலிருந்து இறங்கியது.

"அதை யாரு செஞ்சா?"

"நான்தான். போன வருஷமும் அது மாதிரிதான் ஒண்ணு செஞ்சு கொண்டாந்தேன். எந்தக் கடையில வாங்கினேன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டு, பூஜ்யம் போட்டீங்க."

அவள் குரலில் கோபமில்லை. மண்டையில் ஏறாத பிள்ளைக்கு இன்னொரு தரம் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் மாதிரி, நிதானமாகச் சொன்னாள்.

"இந்தத் தடவை கோணலா செய்யறதுக்குத்தான், டீச்சர், ரொம்பக் கஷ்டப்பட்டேன்."