டோக்கன் பன்னிரண்டு, இரண்டு தரம்

"இந்த ஆஸ்பத்திரிக்குப் பின்வாசல் எங்கண்ணே இருக்கு?"

கேட்டவர் காய்கறி மார்க்கெட்டின் ஏலக்காரர். முன்வாசலில் அவர் மனைவி காவல் நிற்கிறாள். டாக்டரைப் பார்க்காமல் வெளியே வந்தால் வீட்டுக்குள் காலடி வைக்க முடியாது என்று சொல்லியிருக்கிறாள். சொன்னதைச் செய்கிறவள்.

ஆறு வாரமாக அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. இருபத்தைந்து வருடம் தக்காளிக் கூடைகளை ஏலம் விட்ட குரல், இப்போது தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல வந்தது. சூடு என்றார், தூசி என்றார், கடைசியில் கண் திருஷ்டி என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். தெருமுனை டாக்டர் எதையும் ஏற்கவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தே ஆகவேண்டும் என்று இங்கே எழுதி அனுப்பிவிட்டார்.

கேமராவுக்கு அவர் பயப்படவில்லை. அதில் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயம். பக்கத்து நாற்காலிக்காரரோடு பழக ஆரம்பித்த பிறகு அந்தப் பயம் இரண்டு மடங்காகியிருந்தது.

பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு கார் மெக்கானிக். கழுத்தைச் சுற்றி மஃப்ளர், மடியில் பட்டறையின் வேலைச்சீட்டுப் புத்தகம், கையில் பென்சில். ஆஸ்பத்திரிக்கு வந்தும் பட்டறையை விட முடியாத மனிதர்.

"பின்வாசல் இருக்கு தம்பி. நானே ஒரு தடவை அது வழியா ஓடினவன்தான்."

"அப்ப வழியைக் காட்டுங்க."

"முதல்ல என் கூத்தைக் கேளுங்க. அப்புறம் வழி."

"டோக்கன் பன்னிரண்டு!" என்று நர்ஸ் கூப்பிட்டாள். ஏலக்காரரின் டோக்கன்தான். அவர் சுவரில் இருந்த காலண்டரை முதல்முறை பார்ப்பவர்போலப் பார்த்தார். மூன்று முறை கூப்பிட்டும் வராவிட்டால் டோக்கன் ரத்து, அடுத்த தேதிக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். ஒரு மாதம் தப்பிக்கலாம். காதில் விழவில்லை என்று மனைவியிடம் சொல்லிக்கொள்ளலாம்.

"ஒரு தரம்தானே ஆச்சு. எங்க தொழில்ல மூணாவது தரம் வரைக்கும் எதுவும் முடிவில்லண்ணே."

மெக்கானிக் தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு அவருடைய கூத்து வந்தது.

வண்டி தெருமுனையில் திரும்பும்போதே என்ன கோளாறு என்று காதாலேயே கண்டுபிடிப்பாராம். 'காதுக்காரர்' என்றுதான் ஊரில் அவருக்குப் பெயராம். அப்படிப்பட்டவருக்குத் தன் குரல் கம்மியது மட்டும் கேட்கவில்லை. மனைவி தினமும் சொன்னாள். காது கொடுத்துக் கேட்டால்தானே? போதாததற்குக் கரகரத்த குரலில் போனில் பேசினால் எதிர்முனையில் இருப்பவர்கள் பெரிய அதிகாரி என்று நினைத்துப் பணிந்து பேசினார்களாம். அந்த மரியாதையை விட மனசில்லாமல் இரண்டு மாதத்தைத் தள்ளினாராம்.

ஏலக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் இதே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தார். குரல் மாறியதும் வியாபாரிகள் கூடுதலாகப் பயப்படுகிறார்கள் என்று வீட்டில் பெருமையடித்திருந்தார்.

"சார், கொஞ்சம் மெதுவா. மத்தவங்களும் இருக்காங்க" என்றாள் நர்ஸ், ஏலக்காரரைப் பார்த்து. அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஒருநாள் ஒருத்தர் வண்டி கொண்டுவந்தாரு தம்பி. உள்ளே கடகடன்னு சத்தம். ரெண்டு மாசமா இதோடயா ஓட்டினீங்க, உங்களுக்குக் காது இருக்கான்னு கத்தினேன். அவர் பதறவே இல்ல. உங்க தொண்டையும் ரெண்டு மாசமா இப்படித்தானே இருக்கு மெக்கானிக்னாரு."

"அன்னிக்கே டாக்டர்கிட்ட வந்தீங்களா?"

"அன்னிக்கே அவர் வண்டியைச் சரிபண்ணிட்டேன். என் தொண்டைக்கு இன்னும் ஆறு மாசம் ஆச்சு. நடுவுல ஒரு தடவை இங்க வந்து, பின்வாசல் வழியா ஓட்டம்."

ஏலக்காரருக்குச் சிரிப்பு நின்றது.

"முதல் மாசமே வந்திருந்தா சின்ன வேலையா முடிஞ்சிருக்கும்னாரு டாக்டர். ஒரு நட்டை முறுக்க வேண்டிய இடத்துல, இன்ஜினையே இறக்க வெச்ச முட்டாள் நான். ஆனாலும் பாருங்க, ரெண்டு வருஷமா நல்லா இருக்கேன். மூணு மாசத்துக்கு ஒருதடவை வந்து காட்டிட்டுப் போறேன். உங்களுக்கு ஆறு வாரம்தானே? ஒண்ணுமே இல்லாமக்கூட இருக்கலாம். இருந்தாலும் நட்டு வேலைதான்."

"டோக்கன் பன்னிரண்டு! ரெண்டாவது தடவை கூப்பிடறேன்."

ஏலக்காரர் மெக்கானிக்கைப் பார்த்தார். பின்வாசலுக்குப் போகும் வழி நர்ஸின் மேஜைக்கு இடப்பக்கம் என்று அவரே இதற்குள் கண்டுபிடித்திருந்தார். டாக்டரின் அறை வலப்பக்கம்.

எழுந்தார்.

"மூணாவது தரம் வேண்டாம்மா. வந்துட்டேன்" என்று அந்தத் தகரக் குரலிலேயே சொல்லிவிட்டு, வலப்பக்கம் நடந்தார். நாலு எட்டு வைத்ததும் திரும்பி மெக்கானிக்கிடமே வந்தார். இருபத்தைந்து வருடம் மார்க்கெட்டையே அதட்டியவர், கை இரண்டையும் பிசைந்துகொண்டு நின்றார்.

"பயமா இருக்குண்ணே. உள்ள போறதுக்கு முன்னால தைரியம் வர்ற மாதிரி ஒரு வார்த்தை சொல்லுங்க."

மெக்கானிக் வேலைச்சீட்டுப் புத்தகத்தில் இன்னொரு தாளைப் புரட்டினார். இவ்வளவு நேரமும் எழுதி எழுதிக் காட்டியதில் பென்சில் முனை மழுங்கியிருந்தது. அழுத்தி எழுதி, தாளைக் கிழித்து ஏலக்காரர் கையில் கொடுத்தார்.

'சொல்ற குரலை இங்கதான் அறுத்து எடுத்தாங்க தம்பி. நீங்க போய் உங்க குரலைக் காப்பாத்திக்கிட்டு வாங்க.'