கழற்றிப் போட்ட செருப்பு

எரிமலை கக்கிய கறுப்புப் பாறைகள் கடலுக்குள் இறங்கும் இடத்தில், ஒரு குழாயும் இரண்டு பெஞ்சுகளும் மட்டுமே உள்ள சின்னப் பூங்கா அது. மகளைப் பார்க்க வெளிநாடு வந்திருந்த செண்பகவல்லி மறுநாள் ஊர் திரும்ப வேண்டும். மகள் சுடர் காரைவிட்டு இறங்காமல் போனைப் பார்த்தபடியே, "சட்டுனு பாத்துட்டு வந்துடும்மா" என்றாள். அலையோரம் ஆளுயரக் கல் ஒன்று, எண்ணெய்க்காப்பு சாத்தியதுபோல் மினுங்கிக்கொண்டு நின்றது. பார்த்ததும் செண்பகவல்லியின் கால்கள் தாமாகவே செருப்பை உதறின. "ஐயோ, கழட்டாதம்மா! கால் கிழிஞ்சிடும், அது வெறும் கல்லு!" என்று சுடர் கத்தினாள். நிற்கிற கல்லை வெறும் கல் என்று சொல்லச் செண்பகவல்லிக்கு வாய் வராது. வெறுங்காலோடு போய், கண்ணை மூடிக் கும்பிட்டாள். "தாயே, எம்புள்ளைய விட்டுட்டுப் போக மனசில்ல. என்னை இங்கயே இருக்க வச்சிடு." உள்ளங்காலில் பாறை இளஞ்சூடாக இருந்தது. கண்ணைத் திறந்தபோது எதிரே கல் இல்லை, ஈரமான பள்ளம்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். செருப்பையும் காணோம். அது கிடந்த இடத்திலிருந்து ஈரத் தடங்கள் காரை நோக்கிப் போயிருந்தன. கார்க் கதவு சாத்தும் ஓசை கேட்டது. "என்னம்மா இது, புடவையெல்லாம் நனைச்சுக்கிட்டு?" என்று காருக்குள் சுடர், பக்கத்தில் ஏறி உட்கார்ந்தவளைச் செல்லமாகக் கடிந்துகொண்டாள். பிறகு குரல் தழைந்தது. "சரி, அழாத. டிக்கெட்ட மாத்திடலாம். எங்கூடவே இரு." கார் கிளம்பியது. செண்பகவல்லி ஓட நினைத்தாள், காலைப் பெயர்க்க முடியவில்லை. கூப்பிட நினைத்தாள், வாய் திறக்கவில்லை. ஓர் அலை வந்து அவள் தலைக்கு மேல் எழும்பி வடிந்தது. குளிரவே இல்லை.