ஒரு கைப்பிடி உப்பு

அநீதி நடந்தது என் சித்திக்கு. செய்தவர், எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் எங்கள் பெரியம்மா. கல்யாணமாகி வந்த புதிதில் சித்தி ஒரே ஒரு நாள் சமைத்ததோடு சரி, அதற்கப்புறம் அவரை அடுப்பைத் தொட விட்டதில்லை. அதுகூடப் பரவாயில்லை. அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பெரியம்மா போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அவரைப் பற்றிப் பேசத்தான் அன்று, அவரும் சித்தப்பா குடும்பமும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் கூடியிருந்தோம். எண்பத்தேழு வயது வாழ்க்கையாயிற்றே! நாற்காலி போதாமல் பாதிப் பேர் தரையில்.

"அண்ணன் போனதுக்கப்புறம் அண்ணி தனி ஆளா நின்னு எங்களைப் படிக்க வெச்சாங்க," என்றார் அப்பா. "ஃபெயிலானா அடி. பாஸானாலும் அடி, 'மிச்ச மார்க் எங்கேடா'ன்னு."

"அந்தக் கை ருசி!" என்றார் அத்தை, அப்பாவின் தங்கை. "கடைசி வரைக்கும் மாறலையே! போன வருஷம்கூட வந்து ரெண்டு தட்டு காலி பண்ணினேன்."

"இப்போ ஒரு மாசமா ஹோட்டல் சாப்பாடு. வயிறு அண்ணி அண்ணின்னு அழுவுது," என்றார் சித்தப்பா. "என் பொண்டாட்டியைப் பத்தி அண்ணி சொல்றது ஞாபகம் இருக்கா? 'இவ சமைச்சதைத் தின்னா பல்லு கொட்டும். அப்புறம் இவளே பல்லு கட்டிவிட்டுக் காசு பாத்துடுவா.'"

சித்திக்குப் பல்செட் செய்யும் இடத்தில் வேலை. எல்லோரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். சித்தியும்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"ஆரம்பிச்சுட்டா வக்கீலம்மா," என்றார் அப்பா.

"பெரியம்மா வாயில இருந்த பல்செட் யார் செஞ்சது? சித்தி! அந்தப் பல்லாலேயே சித்தியைக் கடிச்சிருக்காங்க!"

"போனவங்களைப் பத்தி அப்படிப் பேசாதே."

"போயிட்டா, செஞ்சது இல்லேன்னு ஆயிடுமா?"

"சமைக்கத் தெரியாதவளை வேற எப்படிச் சொல்றதாம்?" என்றார் அத்தை. "அதை விடு. இன்னைக்குப் புது மருமக சமைக்கிறா. கைப்பக்குவம் மட்டும் நல்லா இருக்கட்டும், இனி அடுப்படி அவளுக்குத்தான்."

புது மருமகள் என்றால் சித்தியின் மருமகள். தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில், அலையாய் அலைந்து ஒரு வேலை வாங்கியிருந்தாள்.

"அவங்க திங்கட்கிழமை வேலையில சேரணுமே, அத்தை?" என்றேன்.

"தண்ணியை யார் வேணா பரிசோதிக்கலாம். இங்கே வீட்டுல பசிக்குதே!"

நான் வரிந்துகட்டுவதற்குள் சித்தி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அடுப்படிக் கதவைச் சாத்தினார்.

உள்ளே அடுப்பருகில் மருமகள். கண் சிவந்திருந்தது. எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

சித்தி சட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டார்.

"அடிப்பாவி, பிரமாதமா இருக்கே!" என்றார், ஏதோ கெட்ட சேதி கேட்டவர் மாதிரி.

நாங்கள் விழித்தோம்.

"கேளுங்க ரெண்டு பேரும். நான் வந்த புதுசுல இதே இடத்துல சமைச்சேன். பெரியம்மா ருசி பாத்தாங்க. கண்ணை மூடிக்கிட்டு இன்னொரு கரண்டியும் குடிச்சாங்க. அப்புறம் ஒரு கைப்பிடி உப்பை அள்ளிச் சட்டியில போட்டாங்க."

"என்னது!"

"'நல்லா சமைக்கிறவளை இந்த வீடு வாசப்படி தாண்ட விடாதுடி. என்னை விட்டுச்சா? டீச்சர் வேலைக்கு உத்தரவு கையில இருந்துச்சு. அந்த நேரம் பாத்து நல்லா சமைச்சுத் தொலைச்சேன். நீ போய் அந்தப் பல்லு படிப்பைப் படி. ஆனா, திட்டு வாங்கத் தெம்பு இருக்கா?'ன்னு கேட்டாங்க. இருக்குன்னேன். அன்னைக்கு ஆரம்பிச்ச திட்டுதான்."

"அப்போ அத்தை சொல்ற அந்தக் கை ருசி?"

"பெரியம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சதுலேர்ந்து அது என் கை. வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி சமைச்சு வெச்சுடுவேன். அவங்க பக்கத்துல உக்காந்து, வெளிய கேக்கிற மாதிரி என்னைத் திட்டிக்கிட்டே இருப்பாங்க. ஆம்பளைங்க அடுப்படியை எட்டிப் பாத்தாத்தானே தெரியறதுக்கு?"

மருமகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கிய மாதிரி இருந்தது. பெரியம்மாமேல் மறுபடி ஆசை வைக்கலாம். ஆனாலும் விடுவேனா?

"இது தப்பு சித்தி. நேருக்கு நேரா கேட்டிருக்கணும். ஏன், சித்தப்பா பத்தவெச்சா அடுப்பு எரியாதா?"

"கேளு, நல்லா கேளு. என்னைக்காவது ஜெயிப்பே. ஆனா இவளுக்குத் திங்கட்கிழமை வேலை."

சித்தி உப்பு ஜாடியை மருமகள் முன்னால் நீட்டினார். அவள் ஒரு கணம் சட்டியைப் பாசமாகப் பார்த்தாள். பிறகு ஜாடிக்குள் கையை விட்டாள்.

வெளியிலிருந்து அத்தையின் குரல் வந்தது: "என்ன, ருசி பாத்தாச்சா? எப்படி இருக்கு?"

சித்தி என்னைப் பார்த்தார். நான் கதவைத் திறந்தேன். எத்தனையோ பட்டிமன்ற மேடையில் உண்மைக்காக வாதாடிய அதே தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"வாயில வைக்க முடியல, அத்தை! சித்தி சமையலே தேவலாம்!"